பொங்கல் சீரில் வந்த பதினாறு கேன்

காரைக்கால் பக்கம் நெரவியில் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போகும் சாலையில், பேருந்து நிற்கும் இடத்துக்கு நாலு கடை தள்ளி, கல்யாணசுந்தரியின் தையல் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசல் கம்பியில் தொங்கும் ரவிக்கைகள்தான் பலகை. மிஷினுக்குப் பின்னால் ஒரு மர அலமாரியில் முப்பத்தோரு வருடத்து அளவு நோட்டுகள் ஆண்டு வாரியாக அடுக்கியிருக்கும். எந்த நோட்டைப் பிரித்தாலும் ஒவ்வொரு பக்கத்தின் மேல்மூலையிலும் எண் இருக்கும். நோட்டு வாங்கிய அன்றே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எண் போட்டுவிட்டுத்தான் முதல் அளவை எழுதுவாள். ஏன் என்று கேட்டால், "ஒரு பக்கம் போனா, போனது தெரியணும்ல" என்பாள்.

பத்து வருடத்துக்கு முன் கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டு போன பெண் திரும்பி வந்து நின்றால், பழைய அளவையும் புது அளவையும் மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நாடாவைச் சுருட்டிக்கொள்வாள். வெட்டியதுபோக மிஞ்சிய துணியை, விரல் அகலமே இருந்தாலும், மடித்து ரவிக்கைக்குள் வைத்துக் கொடுத்துவிடுவாள். "இத வச்சிக்கிட்டு நான் என்னக்கா பண்ண?" என்று கேட்பவர்களும் உண்டு. "தூக்கிப் போடு. ஆனா ஒன் வீட்டுல போடு" என்பாள்.

அவள் எட்டாவது முடித்த வருடம் கலைவாணன் பிறந்தான். வீட்டில் கைக்கு ஆள் வேண்டும், அடுத்த வருடம் போய்க்கொள்ளலாம் என்றார்கள். அந்த அடுத்த வருடம் வரவேயில்லை. ஆனால் தம்பி படித்த படிப்பெல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போனது. பாடம் புரியாது. புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டு அவனை ஒப்பிக்கச் சொல்லி, ஒரு சொல் விட்டாலும் பிடித்துவிடுவாள். அவன் தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கி, ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த பிறகு, அளவு கொடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது. "எந்தம்பி டாக்டரு. ஊசி போடுற டாக்டரு இல்ல" என்று ஆரம்பிப்பாள். அவள் புருஷன் நீலமேகம், மின்துறையில் லைன்மேன், பக்கத்தில் இருந்தால், "ஊசி போடுறதுக்குத்தான் வீட்டுல ஒரு ஆளு இருக்கே" என்று மிஷினைக் காட்டுவார்.

அந்தத் தம்பிதான் ஒரு மார்கழி மாதத்தில் வந்து, "அக்கா, ஒன் கணக்குப் புத்தி எனக்கு ஒரு சம்பா பூரா வேணும்" என்றான்.

விஷயம் இதுதான். கடைமடை வயல்களில் உப்பு ஏறிக்கொண்டு வருகிறது. கடற்பக்கம் போகப்போக வாய்க்கால் தண்ணீரே நாக்கில் கரிக்கிறது. கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு திரவ உரத்தை நெல்லுக்குத் தெளித்தால் பயிர் உப்பைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும். அந்த உரத்தைத் தயாரிப்பவன் கலைவாணனின் மனைவி கீர்த்திகாவுக்கு அண்ணன், நவநீதன். திருமலைராயன்பட்டினத்தில் சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருக்கிறான். அவளுடைய வயலையும் சேர்த்து ஐந்து விவசாயிகளின் நிலத்தில் பதினாறு பாத்தி. எட்டில் உரம் தெளிப்பது, எட்டில் தெளிக்காமல் விடுவது. வாரம் இரண்டு முறை போய்ப் பயிரின் உயரம், ஒரு குத்தில் கிளைத்த தூர் எண்ணிக்கை, தண்ணீரின் உப்பு எல்லாவற்றையும் குறிக்கவேண்டும். கடைசியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் வைத்து அறுத்து நெல்லை எடை போடவேண்டும்.

"கூலிக்கு ஆள் வச்சா வரப்புல ஒக்காந்துகிட்டே நம்பர் எழுதிடுவான்" என்றான் கலைவாணன்.

"நானு?"

"நீ ரவிக்கைக்கே அரை இஞ்சு விடமாட்ட."

உரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நவநீதனிடம் கேட்டபோது அவன் சிரித்தானாம். மாப்பிள்ளைக்குப் போய் பில் போடுவேனா என்றானாம். அந்தத் தை முதல் தேதிக்கு முந்தின நாள், வழக்கம்போல கீர்த்திகாவின் பிறந்த வீட்டிலிருந்து காரைக்காலில் கலைவாணன் வீட்டுக்குப் பொங்கல் சீர் வந்தது. குட்டியானை வண்டியில் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், பரங்கிக்காய், பச்சரிசி, வெல்லம். அவற்றுக்குப் பின்னால், ஈரச் சாக்கு போட்டு மூடியபடி, பச்சை நிறக் கேன்கள். கீர்த்திகா அடுப்படியில் இருந்தாள். இறக்கி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றது பண்டிகைக்கு வந்திருந்த கல்யாணசுந்தரிதான். என்ன சீர் வந்தது என்று எழுதி வைத்தால்தானே நாளைக்கு அந்த வீட்டு விசேஷத்துக்கு ஈடாகச் செய்யமுடியும். கையில் இருந்தது தம்பி வாங்கிக் கொடுத்த புது வயல் நோட்டு. எண் போட்டு முடித்து, பாத்தி அளவுகளும் வயல்காரர் பெயர்களுமாக ஆறு பக்கம் எழுதியாகிவிட்டது. ஏழாம் பக்கத்தில் எழுதினாள்: கீர்த்திகா வீட்டுப் பொங்கல் சீர். கரும்பு 10. மஞ்சள் கொத்து 2. வாழைத்தார் 1. பரங்கிக்காய் 1. பச்சரிசி அரை மூட்டை. வெல்லம் 5 கிலோ. கடல்பாசி உரம், ஐந்து லிட்டர் கேன் 16.

எட்டு மாதம் கழித்துப் புரட்டாசியில் நாற்று விட்டு, ஐப்பசியில் நடவு முடிந்ததும் வேலை தொடங்கியது. எந்தப் பாத்திக்கு உரம் என்று தெரிய அடையாளம் வேண்டுமே. கடையில் மிஞ்சிக் கிடந்த தன் சொந்த லைனிங் துணியில் எட்டுப் பச்சைக் கொடியும் எட்டு வெள்ளைக் கொடியும் அவளே ஓரம் மடித்துத் தைத்து, மூங்கில் குச்சியில் கட்டி நட்டாள். புதனும் சனியும் காலை ஆறு மணிக்கெல்லாம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். முதல் இரண்டு வாரம் உயரத்தைத் தையல் நாடாவின் இஞ்சுப் பக்கத்தில் பார்த்து எழுதிவிட்டாள். கலைவாணன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் நாடாவைத் திருப்பிப்போட்டு, அத்தனை எண்ணையும் சென்டிமீட்டருக்கு மாற்றி, பழையதை அடிக்காமல் பக்கத்திலேயே எழுதி, "இஞ்சில் எடுத்தது, மாற்றியது, க.சு." என்று கையெழுத்தும் போட்டுவைத்தாள்.

பக்கத்து வயல்காரர் ஆரோக்கியஜோசப். அவருக்கும் நாலு பாத்தி இந்த ஆராய்ச்சியில் இருந்தது. வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பார்.

"ஏன் கல்யாணி, நெல்லுக்கும் ரவிக்க தைக்கப் போறியா?"

"தச்சா ஒங்க வயலுக்குத்தாண்ணே மொதல்ல. ரொம்ப எளச்சுக் கெடக்கு."

இப்படியே தை வரைக்கும் போனது. அறுப்பு, எடை, எல்லாம் அவள் கையெழுத்தில். இருநூற்றுப் பன்னிரண்டு பக்க நோட்டில் நூற்றெண்பத்தைந்து பக்கம் நிரம்பியது. கலைவாணன் கட்டுரை எழுதி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினான். உரம் தெளித்த பாத்திகளில் விளைச்சல் நூற்றுக்கு இருபத்தொன்று கூடுதல் என்பது அதன் சாரம். கடைசியில் ஒரு நன்றி வரி. களப்பணியில் உதவிய க. கல்யாணசுந்தரிக்கு நன்றி. அந்த ஒரு வரியை அச்சடித்து வாங்கி அலமாரிக் கண்ணாடியில் ஒட்டினாள். அளவு கொடுக்க வந்தவர்கள் கதையோடு சேர்த்து அதையும் படிக்கவேண்டி வந்தது.

கட்டுரை இரண்டு பேரின் பரிசீலனைக்குப் போய் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. சின்னச் சின்னத் திருத்தங்கள். அவற்றோடு ஒரு படிவம், பிறகு வயல் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து ஏற்றவேண்டும் என்ற விதி. சித்திரை முடிவில் கல்லூரியில் இணைப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அதற்குள் இந்தக் கட்டுரை ஏற்கப்பட்டது என்ற கடிதம் கையில் இருந்தால் கலைவாணனுக்கு அந்த இடம் கிடைத்த மாதிரிதான். ஆறு வருடமாகக் காத்திருக்கிறான்.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, வெட்டுப் பலகையில் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு கைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்தான். அவள் காஜா எடுத்துக்கொண்டே பக்கம் புரளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் இரண்டு தாள் சேர்ந்து புரண்டது.

"ஒண்ணு விட்டுட்டடா."

"இல்லக்கா. அது வேணாம்."

"எது?"

"ஏழாம் பக்கம். பொங்கல் சீரு எழுதியிருக்க. வெளிநாட்டுக்காரன் பரங்கிக்காயைப் பாத்து என்ன பண்ணுவான்?"

சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி ஊசியைக் குத்தினாள். பிறகு குத்துவதை நிறுத்தினாள்.

"அதுலதானே கேன் வந்த கணக்கு இருக்கு?"

அவன் அடுத்த பக்கத்தைப் படமெடுத்தான்.

"அந்தப் படிவத்துல என்ன கேட்டுருக்கான்? தமிழ்ல சொல்லு."

கலைவாணன் கைபேசியில் தேடி எடுத்து வாசித்தான். ஆய்வுக்கு யாராவது பணமோ பொருளோ கொடுத்தார்களா? ஆய்வுப் பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்தோடு ஆசிரியருக்குத் தொழில், பணம், குடும்பம் என்று ஏதாவது தொடர்பு உண்டா? முடிவு இப்படித்தான் வரவேண்டும் என்று விரும்பக் காரணம் உள்ளவர் யாராவது ஆய்வில் இருந்தார்களா? தொடர்பு இருந்தால் குற்றம் இல்லை, படிக்கிறவருக்குத் தெரியும்படி எழுதினால் போதும். இப்படி ஐந்து கேள்வி.

"நீ என்ன போட்ட?"

"எல்லாத்துக்கும் இல்லைன்னுதான்."

"நவநீதன் குடுத்தாரே?"

"அது சீருக்கா. கம்பெனியா குடுத்துச்சு? பொண்ணு குடுத்த வீட்டுலேருந்து வருசா வருசம் வர்றது. நீதானே சீருன்னு எழுதியிருக்க?"

அவன் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. வண்டியில் வந்து இறங்கிய அன்று அவளும் அப்படித்தானே நினைத்தாள். மஞ்சளுக்கும் வெல்லத்துக்கும் நடுவே வந்த பொருளை யார் கம்பெனிச் சரக்கு என்று நினைப்பார்கள்? ஆனால் சீர் என்றால் பக்கத்தை ஏன் தாண்டவேண்டும்? அதைத்தான் கேட்டாள்.

"சீருதான்னா அந்தப் பக்கத்தையும் அனுப்பு. அவன் பாத்துக்கட்டும்."

"அனுப்புனா கேள்வி கேப்பான். திரும்பப் பரிசீலனைக்குப் போகும். மூணு மாசமோ நாலு மாசமோ. இன்டர்வியூ போயிடும்க்கா."

"அனுப்பலன்னா நூத்தி எண்பத்தஞ்சுல ஒண்ணு கொறையும். பக்க நம்பர் இருக்குல்ல? ஆறுக்கு அடுத்து எட்டு வந்தா அவன் பாக்கமாட்டானா?"

"யாரும் பாக்கமாட்டாங்க."

"நான் பாப்பேன்" என்றாள்.

அவன் நோட்டை மூடினான். கோபமில்லை. சின்ன வயதில் ஒரு சொல் விட்டு ஒப்பித்துப் பிடிபட்டபோது இருந்த அதே முகம். மீதிப் பக்கங்களை அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காரைக்கால் பேருந்தில் ஏறிப் போய்விட்டான்.

நாலாம் நாள் நவநீதன் வந்தான். கையில் மாம்பழப் பை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடையைச் சுற்றிப் பார்த்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த நன்றி வரியைப் படித்துப் புன்னகைத்தான். நீலமேகம் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவரே தேநீர் வாங்கிவரப் போனார்.

"மாப்ள எல்லாம் சொன்னாருக்கா. நீங்க கவலப்படுறதும் நியாயந்தான்" என்றான் நவநீதன். "ஆனா ஒண்ணு யோசிங்க. தங்கச்சி வீட்டுக்காரருக்கு நான் குடுத்தேன்னு அதுல எழுதுனா, காசு குடுத்து எழுதச் சொன்ன மாதிரி ஆயிடும். நா ஒத்தப் பைசா குடுக்கல. இப்படி எழுதுனு ஒரு வார்த்த சொல்லல. உண்மையா வெளஞ்சுச்சு, அவரு எழுதுனாரு."

"அதத்தான் எழுதச் சொல்றேன் தம்பி. கேன் குடுத்தாரு, வேற ஒண்ணும் குடுக்கலைன்னு. அவன் கேக்குறதும் அதத்தானே?"

"படிக்கிறவன் அப்படிப் படிக்கமாட்டான்."

"நீங்க நோட்டீசு அடிச்சிட்டீங்களா?"

நவநீதன் கொஞ்சம் தயங்கினான். பிறகு பையிலிருந்து ஒரு வழவழப்பான தாளை எடுத்து நீட்டினான். பச்சைக் கேனின் படம். அதன் கீழே பெரிய எழுத்தில்: கல்லூரி ஆய்வில் நிரூபிக்கப்பட்டது, 21 சதவீதம் கூடுதல் மகசூல்.

"அடிச்சு வச்சிருக்கேன். இன்னும் குடுக்கல" என்றான்.

"இத வாங்கிப் படிக்கிற விவசாயிக்கு, ஆராய்ச்சி பண்ணவரு ஒங்க தங்கச்சி புருஷன்னு தெரியவேணாமா?"

தேநீரோடு உள்ளே வந்த நீலமேகம், "தெரிஞ்சா இன்னும் நல்லா விக்குமே நவநீதா. குடும்பமே கேரண்டின்னு போடு" என்றார். நவநீதன் சிரிக்கவில்லை. தேநீரைக் கையில் வாங்கிக் கீழே வைத்தான்.

"அப்படிப் பாத்தா நீங்களும்தானேக்கா?" என்றான். குரலில் மரியாதை குறையவில்லை. "பதினாறு பாத்தில நாலு பாத்தி ஒங்களுது. தூர் எண்ணுனது நீங்க. நெல்ல எட போட்டது நீங்க. தம்பி பேரு வெளிய வரணும்னு ஒங்களவிட ஆசப்பட்டவங்க இந்த ஊருல யாரு இருக்கா? என்னைய மட்டும் எழுதச் சொல்றீங்களே."

அவன் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனான். மாம்பழப் பையை நீலமேகம் பிரித்துப் பார்த்து, நல்ல பழம் என்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்காமல், அலமாரியிலிருந்து வயல் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எண்ணியதில் பொய் இல்லை. ஒரு தூரைக்கூட அவள் கூட்டி எழுதியதில்லை. அதில் அவளுக்குத் துளிச் சந்தேகம் கிடையாது. ஆனால் நவநீதன் சொன்னது எங்கேயோ போய்த் தைத்தது. எங்கே என்று தேடிக்கொண்டுதான் பக்கங்களைப் புரட்டினாள். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் கிடைத்தது. கார்த்திகை 12. உயரம், தூர், உப்பு என்று வழக்கமான எண்கள். அவற்றுக்குக் கீழே, ஓரத்தில், அவள் கையெழுத்தில்: என் பச்சைக்கொடிப் பாத்தி இரண்டிலும் கையால் களை எடுத்தேன். அறுபத்தாறில் மறுபடி. எழுபதில் மறுபடி.

எல்லாப் பாத்திகளுக்கும் ஆள்விட்டு இரண்டு முறை களை எடுத்தாயிற்று. மூன்றாவது கிடையாது என்பது கலைவாணன் சொன்ன விதி. ஆனால் எண்ணப் போகிறபோதெல்லாம் கண்ணில் படுகிற கோரையைப் பிடுங்காமல் அவளால் வரமுடியவில்லை. எல்லாப் பாத்தியிலும் பிடுங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. வெள்ளைக் கொடியில் கை போகவில்லை. பச்சைக் கொடி நின்ற இடத்தில் மட்டும் போனது. அது தம்பியின் கொடி என்று அவள் கை நினைத்துக்கொண்டிருக்கிறது. அவளாக யோசித்துச் செய்யவில்லை. செய்ததை மறைக்கவும் இல்லை, எழுதிவைத்தாள். ஆனால் தம்பி கணினியில் ஏற்றியது எண்களை மட்டும். ஓரத்தில் எழுதியதற்கு அங்கே கட்டம் இல்லை.

அன்று சாயங்காலமே காரைக்காலுக்குப் பேருந்து ஏறினாள். தம்பி வீட்டுக்குக் கைபேசியில் சொல்லாமல் போவது அதுவே முதல் முறை. கீர்த்திகா கதவைத் திறந்து, "வாங்க அண்ணி, என்ன திடீர்னு?" என்றாள். கல்யாணசுந்தரி அறுபத்து மூன்றாம் பக்கத்தில் விரல் வைத்தபடியே உள்ளே போனாள்.

"நவநீதனச் சொல்லிட்டு என்னைய விட்டுட்டேன்டா" என்றாள்.

கலைவாணன் ஓரக்குறிப்பைப் படித்தான். அடுத்ததைப் படித்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"பரிசீலனை பண்ணவர்ல ஒருத்தர் இதக் கேட்டாருக்கா" என்றான் மெதுவாக. "ரெண்டு பாத்தி மட்டும் ஏன் மத்ததவிட இவ்வளவு தூக்கலா நிக்குதுன்னு. மண்ணு வித்தியாசமா இருக்கும்னு பதில் எழுதுனேன். அப்ப எனக்கு நெசமாவே அப்படித்தான் தோணுச்சு."

"மண்ணு இல்ல. நாந்தான்."

அவன் மடிக்கணினியைத் திறந்தான். அவளுடைய நாலு பாத்திகளையும் எடுத்துவிட்டு, மீதிப் பன்னிரண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டான். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பிக்கும்போது பார்த்த அதே முகத்தை.

"எவ்வளவுடா?"

"பதினாறு."

"இருபத்தொண்ணு இல்ல?"

"இல்ல. பதினாறு."

கீர்த்திகாதான், "பதினாறும் நல்லதுதானே? எங்கண்ணன் உரம் வேல செய்யுதுல்ல?" என்றாள். கலைவாணன் ஆமாம் என்று தலையசைத்தான். செய்கிறதுதான். முதலில் நினைத்த அளவு இல்லை, அவ்வளவே.

"இத மாத்தி அனுப்புனா இன்டர்வியூக்கு முன்னால நிச்சயமா வராதுக்கா."

"தெரியும்." அவள் நோட்டை மூடவில்லை. "ஒனக்கு அது கெடைக்கணும்னு ஒன்னவிட எனக்குத்தான் ஆச. நவநீதன் சொன்னது நெசம். அதனாலதான் சொல்றேன், அந்த ஆசக்காரியையும் அதுல எழுது."

அவளுடைய சம்மதம் அவனுக்கு வேண்டியதில்லை. அனுப்பும் பொத்தான் அவன் கையில் இருந்தது, நோட்டுதான் அவள் கையில். வேண்டுமானால் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவும் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கீர்த்திகா கொண்டுவந்து வைத்த இட்லியைச் சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டாவது இட்லியில் இருக்கும்போது அவன் ஏழாம் பக்கத்தைத் திறந்து படமெடுத்தான்.

கடிதத்தை அவன் ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். உரம் முழுவதும் ஆசிரியரின் மனைவியின் அண்ணன் நடத்தும் நிறுவனத்திலிருந்து விலையில்லாமல் வந்தது. எங்கள் பகுதியில் பொங்கலுக்குப் பெண்ணின் பிறந்த வீடு அனுப்பும் வரிசையோடு அது வந்ததால், அதை நிறுவனத்தின் உதவியாகக் கருதாமல் விட்டது ஆசிரியரின் தவறு. கள அளவீடுகளைச் செய்தவர் ஆசிரியரின் மூத்த சகோதரி. நாலு பாத்திகள் அவருடைய நிலம். அவற்றில் இரண்டில் விதிக்கு மாறாகக் கூடுதல் களையெடுப்பு நடந்ததை அவரே நோட்டில் குறித்துள்ளார். அந்த நாலையும் நீக்கிய கணக்கு இத்துடன் உள்ளது.

"'அவரே'ன்னு எழுதுனியா?" என்று கேட்டாள்.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. படி."

இதழாசிரியரிடமிருந்து பத்து நாளில் பதில் வந்தது. தெரிவித்ததற்கு நன்றி, கட்டுரை புதிதாக ஒருவரின் பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது என்று இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. சித்திரை முடிவில் நேர்காணல் நடந்தது. அந்த இடம் வேறொருவருக்குப் போனது. செய்தியைச் சொல்ல அவனே நெரவிக்கு வந்தான். அவள் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு ரவிக்கைக் கையை முழுதும் தைத்து முடித்து, நூலைக் கடித்து அறுத்த பிறகுதான், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அவன் போன பிறகு அந்தக் கையைப் பார்த்தால், உள்பக்கம் வெளிப்பக்கமாகத் தைத்திருந்தாள். பிரித்து மறுபடி தைத்தாள்.

ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அக்காக்காரி வயலில் என்னமோ தில்லுமுல்லு பண்ணிவிட்டாள், அதனால்தான் தம்பிக்குப் பதவி கிடைக்கவில்லை என்று ஒருத்தி அளவு கொடுக்க வந்த இடத்திலேயே கேட்டாள். கல்யாணசுந்தரி அவளுக்கு முழு விவரத்தையும் சொன்னாள். பக்கத்தைத் திறந்து காட்டினாள். அந்தப் பெண் பாதியிலேயே சலித்துப்போய், "சரி சரி, கழுத்து கொஞ்சம் எறக்கமா வைங்கக்கா" என்றாள்.

நவநீதன் மூன்று மாதம் தொலைபேசியில்கூடப் பேசவில்லை. அடித்த நோட்டீசுகளை என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. கார்த்திகையில் கட்டுரை வெளிவந்தது. தலைப்பில் ஒரு சொல் மாறியிருந்தது. பதினாறு என்று போட்டிருந்தது. கடைசியில் நன்றி வரியைவிட அந்த வெளிப்படுத்தல் பத்தி மூன்று மடங்கு நீளம். அந்தப் பத்தியைக் கலைவாணன் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் கண்ணாடியில் இருந்த பழைய தாளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். புதியதை ஒட்டுவதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். ஒட்டினாள்.

அந்தப் பொங்கலுக்கும் கீர்த்திகா வீட்டிலிருந்து சீர் வந்தது. கரும்பு, மஞ்சள், வாழைத்தார், பரங்கிக்காய். கேன் எதுவும் இல்லை. கேன்கள் மாசி மாதம் தனியாக ஒரு ஆட்டோவில் தையல் கடைக்கு வந்தன, பில்லோடு. பில்லின் மூலையில் நவநீதன் பேனாவால் எழுதியிருந்தான்: அக்கா, இது சீர் இல்லை.

அதைப் படித்துவிட்டு நீலமேகம் ரொம்ப நேரம் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு, பில்லை நோட்டில் ஒட்டிப் பக்க எண் எழுதினாள்.

இரண்டாவது ஆராய்ச்சியில் அவளுடைய நிலம் இல்லை. இந்த முறை கேன்களில் பாதியில் உரம், பாதியில் நிறம் கலந்த வெறும் தண்ணீர். எதில் எது என்ற பட்டியலைக் கல்லூரியில் வேறொரு பேராசிரியர் பூட்டி வைத்திருக்கிறார். கலைவாணனுக்கே தெரியாது. கொடிகள் எல்லாம் வெள்ளை. அவற்றில் நீல நூலால் எண் மட்டும் தைத்திருக்கிறாள், ஒன்றிலிருந்து பதினாறுவரை.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான். ஆரோக்கியஜோசப் வழக்கம்போல வரப்பில் வந்து நின்றார்.

"எது மருந்து, எது தண்ணின்னு என்கிட்ட மட்டும் சொல்லேன் கல்யாணி. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"எனக்கே தெரியாதுண்ணே."

"தம்பி சொல்லலியா?"

"அவனுக்கும் தெரியாது."

"பெரிய படிப்புப் படிச்ச குடும்பம்டியம்மா. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டு அவர் மடையைப் பார்க்கப் போனார்.

அவள் ஒன்பதாம் கொடிக்குப் பக்கத்தில் குனிந்து, சட்டத்தை வைத்து, தூர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எண்ணி முடித்து நிமிரும்போது, கொடிக் குச்சியை ஒட்டி முழ உயரத்துக்குக் கோரை ஒன்று நின்றது. கை தானாக நீண்டது. தண்டைப் பிடித்துவிட்டாள். வேரின் பிடிப்பு விரலில் தெரிந்தது. இழுத்தால் வந்துவிடும்.

விட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். உயரம், தூர், உப்பு எழுதினாள். ஓரத்தில் எழுதினாள்: 9ஆம் கொடி. கோரை 1. எடுக்கவில்லை. ஓரக்குறிப்புக்கென்று இந்த முறை தம்பி ஒரு கட்டம் வைத்திருக்கிறான். பத்தாம் கொடிக்கு நடந்தாள்.